புள்ளிக்கோட்டை யார் போடுவது?

"பெரியம்மா, எனக்கு 93 வருது. பின்னாடி விடையில 73னு இருக்கு. எங்க தப்பு விட்டேன்?"

தங்கையின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பென்சில் நுனியைக் கடித்தபடி நின்றாள். ‘ட’ எழுத்தைப் போல ஓர் உருவம். இடப்பக்கம் முழு உயரம் 9 செ.மீ. கீழே முழு நீளம் 12 செ.மீ. நிற்கும் பகுதியின் அகலம் 5, படுத்திருக்கும் பகுதியின் உயரம் 4. பரப்பளவு கேட்டிருந்தார்கள். அவள் 9 × 5 = 45, 12 × 4 = 48 என்று எழுதி, இரண்டையும் கூட்டி 93 என்று முடித்திருந்தாள். பெருக்கலும் சரி, கூட்டலும் சரி.

பிழை எது என்று நான் சொல்லவில்லை. "நீ எடுத்த ரெண்டு செவ்வகத்தையும் கலர் அடிச்சுக் காட்டு" என்றேன். நிற்கும் செவ்வகத்துக்கு நீலம் அடித்தாள். படுத்திருக்கும் செவ்வகத்துக்கு மஞ்சள். வலது முனையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மஞ்சள் பென்சில் இடது மூலையை நெருங்கியபோது அங்கே ஏற்கெனவே நீலம் இருந்தது. கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினாள். மூலை பச்சையாகிவிட்டது.

"இந்த இடம் ரெண்டு தடவை வந்துடுச்சு பெரியம்மா."

"எவ்வளவு இடம்?"

"அஞ்சு... நாலு... இருபது." சட்டென்று நிமிர்ந்தாள். "93ல இருபது போனா 73!"

அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட அழிக்க வேண்டியிருக்கவில்லை. அடியில் 93 − 20 = 73 என்று இன்னொரு வரி சேர்த்தாள், அவ்வளவுதான்.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கூட்டு உருவங்களின் பரப்பளவு என்ற பாடம் வரும்போதெல்லாம் இந்த 93 வந்துவிடும். எண்கள் மாறும், பச்சை மூலை மாறாது. பெரும்பாலான இடங்களில் அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. பக்கத்தில் ‘சரியாகப் பிரிக்கவும்’ என்று எழுதி, ஆசிரியரே உருவத்தின் நடுவில் ஒரு புள்ளிக்கோடு போட்டுக் கொடுப்பார். அடுத்த கணக்கிலும் பிள்ளை அந்தக் கோட்டுக்காகக் காத்திருக்கும். நான் எழுத நினைப்பது அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றித்தான்.

இந்தப் பாடத்தில் புதிய சூத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. செவ்வகம், முக்கோணம், இணைகரம், சரிவகம், வட்டம் எல்லாமே முன்பே படித்தவை. புதிதாக இருப்பது ஒரே ஒரு வேலை: உருவத்தைப் பார்த்து, எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்வது. அந்த முடிவைப் புத்தகமே புள்ளிக்கோடாகப் போட்டுக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்கு மிச்சம் பெருக்கலும் கூட்டலும்தான். அதை அவர்கள் நாலாம் வகுப்பிலேயே செய்துவிட்டார்கள்.

சரி, ‘ட’வுக்கே வருவோம். 73 கிடைத்த பிறகு நோட்டை மூட விடவில்லை. "வேற எப்படியெல்லாம் வெட்டலாம்?" என்று கேட்டேன். செங்குத்தாக ஒரு கோடு போட்டாள். இடது துண்டு 5 × 9 = 45, வலது துண்டு 7 × 4 = 28, மொத்தம் 73. அப்புறம் கிடைமட்டமாக ஒன்று: மேலே 5 × 5 = 25, கீழே 12 × 4 = 48, அதுவும் 73. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே இரண்டு கோடுகளை நீட்டி முழுச் செவ்வகமாக்கினாள். 12 × 9 = 108. வலது மேல் மூலையில் இல்லாத இடம் 7 × 5 = 35. கழித்தால் 73. பச்சை மூலையைக் கழித்த முறையையும் சேர்த்தால் இதோடு நான்கு வழிகள்.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். அவள் நிறுத்தவில்லை. அளவுகோலை எடுத்து, ‘ட’வின் உள்மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். "இப்படி வெட்டக் கூடாதா?" என்று கேட்டாள். கூடாது என்று யார் சொன்னது? ஆனால் இரண்டு துண்டுகளும் இப்போது செவ்வகமாக இல்லை. நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளே கண்டுபிடித்தாள்: இரண்டுமே சரிவகம். ஒன்றில் இணைப் பக்கங்கள் 9, 5, இடைத்தூரம் 5. (9 + 5) ஐப் பாதியாக்கி 5-ஆல் பெருக்கினால் 35. இன்னொன்றில் இணைப் பக்கங்கள் 12, 7, இடைத்தூரம் 4. பத்தொன்பதில் பாதியை 4-ஆல் பெருக்கினால் 38. இரண்டையும் கூட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. 73.

எந்த விடைத்தாளிலும் அந்தச் சாய்கோட்டை நான் பார்த்ததில்லை. நேராக வெட்டினால் வேலை சுலபம்தான், சாய்வாக வெட்டியதில் லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்று மாலை நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பிள்ளை தன் கையால் தெரிந்துகொண்டால், அதற்கு அப்புறம் எந்த உருவத்தைப் பார்த்தும் அது பயப்படாது.

எப்படி வெட்டினாலும் அதே 73 வருகிறதே, அது ஏன்? பெரியவர்களுக்கு இது கேட்கவே தேவையில்லாத கேள்வியாகப் படும். குழந்தைகளுக்கு அப்படி இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவில் இரண்டு பச்சை அட்டைகள், இரண்டும் புல்வெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மைப் பசு. இரண்டிலும் ஒரே மாதிரிச் சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். ஒரு புல்வெளியில் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும், இன்னொன்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். இரண்டு பசுக்களுக்கும் தின்னக் கிடைக்கும் புல் ஒரே அளவா? ஒரு வீடு, இரண்டு வீடு இருக்கும்வரை ‘ஒரே அளவு’ என்று சொல்லும் குழந்தை, வீடுகள் பெருகப் பெருக, சிதறிய பக்கத்தில் புல் குறைவு என்று சொல்ல ஆரம்பித்துவிடும். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

எட்டாம் வகுப்பு வரும்போது பிள்ளைகள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. கேட்டால் சரியாகச் சொல்வார்கள். ஆனால் துண்டுகளை நகர்த்தினாலும் திருப்பினாலும் பரப்பளவு மாறாது என்பதை நம்பி, அதை வைத்து ஒரு கணக்கைப் போட வேண்டும் என்று வரும்போது தயங்குவார்கள். அந்த நம்பிக்கை வருவதற்கு ஒரே உருவத்தைப் பல விதமாக வெட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பத்துக் கணக்கை ஒரே வழியில் போடுவதற்குப் பதிலாக ஒரு கணக்கை ஐந்து வழியில் போடச் சொல்வேன்.

கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் வடிவியலைத் தொகுத்தபோது, ‘நீளம் பெருக்கல் அகலம்’ என்று எண்ணால் பரப்பளவு கணக்கிடும் சூத்திரம் ஒன்றைக்கூட எழுதவில்லை. அவர் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டவை சில எளிய உண்மைகள்: சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் வருபவை சமம், சமமானவற்றிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் மிஞ்சுபவை சமம், ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துபவை சமம், முழுமை பகுதியைவிடப் பெரிது. ஒரே அடிப்பக்கமும் ஒரே குத்துயரமும் கொண்ட இணைகரங்கள் சமப் பரப்புள்ளவை என்று அவர் நிறுவுவதும் ஒரு முக்கோணத்தைக் கழித்து இன்னொன்றைச் சேர்த்துத்தான். சீனாவில் லியூ ஹுய் என்பவர் 263-ஆம் ஆண்டில் எழுதிய உரையிலும் இதே எண்ணம் இருக்கிறது: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வெட்டி, உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் வை, ஈடாகிவிடும். கூட்டு உருவத்தில் பிள்ளை செய்வதும் அதுதான். அதைப் பாடத்தின் கடைசியில் வரும் ‘பயிற்சிக் கணக்கு’ என்று ஒதுக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். செவ்வகத்தைத் தவிர நமக்குத் தெரிந்த பரப்பளவுச் சூத்திரங்கள் எல்லாம் இந்த வெட்டி ஒட்டும் வேலையிலிருந்து பிறந்தவைதான்.

இதில் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ஏழாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு கணக்கு. செவ்வகத்தின் ஒரு மூலை குறைந்த உருவம். எனக்கு அதைப் பார்த்ததும் முழுச் செவ்வகம்தான் கண்ணில் பட்டது. முழுதைக் கண்டுபிடித்து மூலையைக் கழித்தேன். விடை சரி. ஆனால் மதிப்பெண் போடவில்லை. ‘பாடத்தில் சொன்ன முறை இதுவல்ல’ என்றார்கள். வகுப்பில் எல்லாரும் இரண்டாகப் பிரித்துக் கூட்டியிருந்தார்கள். மதிப்பெண் போனதுகூடப் பெரிதில்லை. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாக, எந்தக் கணக்கையும் எனக்குத் தோன்றிய வழியில் போடாமல், ‘அவர்கள் எந்த வழியை எதிர்பார்ப்பார்கள்’ என்று யோசித்தே போட்டேன். அந்த ஒரு வருடம் எனக்குக் கணக்கு பிடிக்கவே இல்லை. இன்று ஒரு பிள்ளை எதிர்பாராத இடத்தில் கோடு போடும்போது நான் பென்சிலைப் பிடுங்காமல் இருப்பதற்கு அந்த விடைத்தாள் ஒரு காரணம்.

இனி, பிள்ளைகள் உண்மையில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தால், வெட்டும் இடத்தைவிட அதிகமாகக் காணாமல் போன பக்கத்தில். ‘ட’வில் நான்கு பக்கங்களுக்குத்தான் அளவு கொடுத்திருக்கும். உருவத்துக்கு ஆறு பக்கம். மீதி இரண்டு எங்கே? "12ல 5 போனா 7" என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பது உருவத்துக்கு உருவம் மாறும், அதனால் பிள்ளை குழம்பும். நான் சொல்வது: "உருவத்தோட ஓரத்துல நடந்து பாரு." இடது கீழ் மூலையில் கிளம்பி ஓரமாகவே நடந்தால், வலப்பக்கமாக 12, மேலே 4, இடப்பக்கமாக எவ்வளவோ, மேலே எவ்வளவோ, இடப்பக்கமாக 5, கீழே 9, கிளம்பிய இடம் வந்துவிட்டது. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம் என்றால் வலப்பக்கம் போன தூரமும் இடப்பக்கம் வந்த தூரமும் சமமாக இருந்தாக வேண்டும். மேலே ஏறியதும் கீழே இறங்கியதும் சமம். 12 = 7 + 5. 9 = 4 + 5. படிக்கட்டு மாதிரி பத்து மடிப்பு இருந்தாலும் இது தவறாது. விரலை வைத்து ஓரமாக நடத்தச் சொன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்கிறது.

ஓரமாக நடக்கும்போது சுற்றளவும் கூடவே வந்துவிடும். ‘ட’வின் சுற்றளவு 12 + 4 + 7 + 5 + 5 + 9 = 42. அதைச் சுற்றியிருந்த முழுச் செவ்வகத்தின் சுற்றளவு? 2 × (12 + 9), அதுவும் 42. மூலையில் 35 சதுர செ.மீ. போய்விட்டது, ஓரத்தின் நீளம் ஒரு துளியும் குறையவில்லை! இதைப் பார்த்த பிள்ளைகள் பலரும் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். பிறகு இன்னொன்று கொடுப்பேன்: அதே 12 × 9 செவ்வகம், மூலையை விட்டுவிட்டு ஒரு பக்கத்தின் நடுவில் 4 அகலம், 3 ஆழத்துக்கு வெட்டி எடு. பரப்பளவு 108-லிருந்து 96 ஆகக் குறைகிறது, சுற்றளவோ 42-லிருந்து 48 ஆகக் கூடுகிறது. பரப்பளவு துண்டுகளாகப் பிரிந்து மறுபடி சேரும், சுற்றளவு அப்படிச் சேராது. இரண்டையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். குழம்பும் இடத்தையே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் தெளிவு வருகிறது.

வீடு போன்ற உருவத்தில் கூரையின் சாய்ந்த பக்கத்தை உயரமாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். அடிப்பக்கம் 6, சாய்ந்த பக்கங்கள் 5, 5 என்றால் குத்துயரம் 4, பரப்பளவு 12. சாய்வை உயரமாக்கினால் 15 வரும். மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், தெரிந்துவிடும்.

வட்டம் உள்ளே வரும்போது கதை கொஞ்சம் மாறுகிறது. 14 நீளம், 10 உயரம் கொண்ட செவ்வகம், அதன் 14 செ.மீ. பக்கத்தின் மேல் ஓர் அரைவட்டம். ஆரம் 7, அரைவட்டத்தின் பரப்பளவு ½ × 22/7 × 49 = 77. மொத்தம் 217. ஆனால் 14-ஐயே ஆரமாகப் போட்டு அரைவட்டத்துக்கு 308 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. விட்டத்தைப் பாதியாக்க மறந்துவிட்டாய் என்று சொல்வது எளிது, ஆனால் நாளைக்கு மறுபடி மறந்துபோகும். அதனால் அளவை மதிப்பிடச் சொல்வேன். அந்த அரைவட்டத்தை இறுக்கமாக ஒரு பெட்டிக்குள் அடைத்தால் பெட்டி 14 × 7 = 98. அரைவட்டத்துக்குள்ளே பெரிதாக ஒரு முக்கோணம் வரைந்தால் ½ × 14 × 7 = 49. ஆகவே விடை 49-க்கும் 98-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். 308 எப்படி வரும்? இந்த மேல் எல்லை, கீழ் எல்லை பழக்கத்தை ஆர்க்கிமிடீஸ் வட்டத்திடமே காட்டினார். உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணங்களை வைத்து, பை-யின் மதிப்பு 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் இருக்கிறது என்று நிறுவினார். நாம் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 அந்த மேல் எல்லைதான்.

உலகத்தில் நிஜமாக இருக்கும் ஒரு கூட்டு உருவத்தைக் கேட்டால் ஓட்டப்பந்தயத் தடத்தைத்தான் காட்டுவேன். தரமான 400 மீட்டர் தடத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் உள்விளிம்பு ஆரம் 36.50 மீட்டர். ஓடுபவர் விளிம்பை ஒட்டியே ஓட முடியாது என்பதால், ஓடும் கோட்டை விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே வைத்து அளக்கிறார்கள். ஆரத்தை 36.80 என்று வைத்துச் சுற்றளவு கண்டால் கிட்டத்தட்டச் சரியாக 400 வருகிறது. உள்ளே இருக்கும் மைதானம்? ஒரு செவ்வகமும் இரண்டு அரைவட்டமும். செவ்வகம் 84.39 × 73, அதாவது சுமார் 6,160 சதுர மீட்டர். அரைவட்டங்கள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், சுமார் 4,185. மொத்தம் ஏறக்குறைய 10,346 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம். பிள்ளைகளிடம் இதைப் போடச் சொன்னால் கடைசி எண்ணைவிட அந்த 30 செ.மீ. விஷயத்தைத்தான் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாடத்தில் எனக்கு நெருக்கமான உருவம் இலைதான். 14 செ.மீ. பக்கமுள்ள சதுரம். எதிரெதிர் மூலைகள் இரண்டில் கவராயத்தின் முள்ளைக் குத்தி, 14 ஆரத்தில் இரண்டு கால்வட்டங்கள். நடுவில் இலை வடிவில் ஓர் இடம் உருவாகும். அதன் பரப்பளவு என்ன? பாதிப் பேர் இலையை இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு பாதியையும் ‘கால்வட்டம் கழித்தல் முக்கோணம்’ என்று பிடிப்பார்கள். 154 − 98 = 56, இரண்டு மடங்கு 112. அழகான வழிதான். என் தங்கை மகளிடம் இதைக் கொடுத்தபோது அவள் கோடு எதுவும் போடவில்லை. நீலப் பென்சிலையும் மஞ்சள் பென்சிலையும் எடுத்தாள்.

ஒரு கால்வட்டத்துக்கு நீலம். எதிர் மூலையிலிருந்து வந்த கால்வட்டத்துக்கு மஞ்சள். சதுரத்தில் வெள்ளை இடமே மிச்சம் இல்லை. நடுவில் இலை பச்சையாக இருந்தது.

"93 மாதிரியே பெரியம்மா!"

இரண்டு கால்வட்டமும் சேர்ந்து 308. சதுரம் மொத்தமே 196. அதிகப்படியாக இருக்கும் 112-தான் இரண்டு தடவை எண்ணப்பட்ட இடம், அதுதான் இலை. முக்கோணமும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அன்றைக்கு அந்த 93-ஐ நான் சிவப்பு மையால் அடித்திருந்தால் இது கிடைத்திருக்காது. அவளுடைய அந்த ‘தப்பு’ விடையே அவள் கையில் ஒரு கருவியாகிவிட்டது.

அதே வாரத்தில் பிறையையும் காட்டினேன். அவள் பிதாகரஸ் தேற்றத்தைப் படித்துவிட்டதால் துணிந்தேன். 6, 8, 10 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம். சிறிய பக்கங்கள் இரண்டின் மேலும் வெளிப்பக்கமாக அரைவட்டங்கள். 10 செ.மீ. பக்கத்தை விட்டமாகக் கொண்டு, முக்கோணத்தின் பக்கமாகவே ஒரு பெரிய அரைவட்டம். அது செங்கோண உச்சியைச் சரியாகத் தொட்டுக்கொண்டு போகும். பெரிய அரைவட்டத்துக்கு வெளியே, சின்ன அரைவட்டங்களில் மிஞ்சுவது இரண்டு பிறைகள். அவற்றின் பரப்பளவைக் கேட்டேன். வளைந்த உருவம், ஆகவே விடையில் பை வரும் என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். முக்கோணத்தோடு இரண்டு சின்ன அரைவட்டங்களைச் சேர், பெரிய அரைவட்டத்தைக் கழி. சின்னவை இரண்டும் சேர்ந்தால் பெரியதற்குச் சமம், ஏனென்றால் 36 + 64 = 100. அவை அடிபட்டுப்போக மிஞ்சியது முக்கோணம் மட்டும்: 24. பையைக் காணோம். இரண்டு வளைந்த பிறைகளும் சேர்ந்து, நேர்க்கோடுகளால் ஆன ஒரு முக்கோணத்துக்குத் துல்லியமாகச் சமம். இதன் முதல் வடிவத்தைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கீயோஸ் தீவின் ஹிப்போக்ரடீஸ் கண்டார். இவர் மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் இல்லை, அதே காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர். எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் இரண்டு பிறைகள் சேர்ந்து பொருந்தும் என்ற வடிவம் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. முழு வட்டத்தையும் இப்படி அதே பரப்பளவுள்ள ஒரு சதுரமாக்கிவிடலாம் என்ற ஆசை நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு அது முடியவே முடியாது என்பது 1882-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லிண்டமான் பையைப் பற்றி நிறுவிய உண்மையிலிருந்து தெளிவானது.

பிறைக் கணக்கு முடிந்ததும் அவள் பழைய பக்கத்தைப் புரட்டி ‘ட’விடம் போனாள். "இந்த ‘ட’வை வெட்டி ஒட்டி ஒரு சதுரமா ஆக்க முடியுமா?"

முடியும். நேர்க்கோடுகளால் ஆன எந்த இரண்டு உருவங்களுக்கும் பரப்பளவு சமமாக இருந்தால், ஒன்றைச் சில துண்டுகளாக வெட்டி இன்னொன்றாக அடுக்கிவிடலாம். வாலஸ், போலியாய், கெர்வின் என்று மூன்று பேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியாக இதை நிறுவினார்கள். கன உருவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கன அளவு சமமாக இருந்தாலும் ஒரு கனசதுரத்தை வெட்டி ஒழுங்கான நான்முகி ஒன்றை அடுக்க முடியாது என்று 1900-இல் கணித அறிஞர் மாக்ஸ் டேன் காட்டிவிட்டார். அதாவது அவள் கேட்ட கேள்விக்குத் தட்டையான தாளில் எப்போதுமே ‘முடியும்’ என்ற பதில் இருக்கிறது. இதைச் சொன்னபோது எனக்கே ஒரு சந்தோஷம் வந்தது.

"அப்போ சதுரத்தோட பக்கம் எவ்வளவு?" என்று கேட்டேன். 8 × 8 என்றால் 64, போதாது. 9 × 9 என்றால் 81, அதிகம். எட்டரை போட்டுப் பார்த்தாள், 72.25. இன்னும் ஒரு துளி வேண்டும். முழு எண் கிடைக்கவில்லை என்று முகம் சுருங்கியது. நோட்டின் ஓரத்தில் வர்க்க எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனவள், 64-லும் 9-லும் வட்டம் போட்டாள். 64 + 9 = 73. எட்டும் மூன்றும் செங்கோணத்தில் நின்றால் எதிர்ப்பக்கம் அவளுக்கு வேண்டிய நீளம்.

கட்டம் போட்ட தாளில் வலப்பக்கம் எட்டுக் கட்டம், மேலே மூன்று கட்டம் எண்ணி, அளவுகோல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். அதன் மேல் சதுரத்தை நிறுத்தினாள். பிறகு இன்னொரு தாளில் ‘ட’வை வரைந்து, ஓரமாக வெட்டி எடுத்து, சதுரத்தின் மேல் வைத்து ஒரு பக்கமாகத் திருப்பினாள், மறு பக்கமாகத் திருப்பினாள். கத்தரிக்கோல் கையில் இருக்கிறது. முதல் வெட்டு எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.